கூரை மடிக்கும் கார்

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கென்றே பலரும் கார் வாங்குகின்றனர். அவ்விரண்டையும் உள்ளே வரவழைக்கும் கார் ஒன்றை விரும்பி வாங்குவோரும் உலகில் உண்டு. புனேயில் குடியேறிய எங்கள் குடும்பம் அந்தச் சிறுபான்மையினரைச் சேர்ந்தது.

எங்களுடையது பழைய வண்டி. அதன் கேன்வாஸ் கூரையைக் கொக்கிகள் நீக்கிக் கையால்தான் மடிக்க வேண்டும். மழை தொடங்கிய பின் அதை விரிக்கப் புகுந்தால், வேலை முடியுமுன் மழை முடிந்துவிடும்.

இத்தகைய கார்களில் சில விந்தைகள் உண்டு. கூரையை எடுத்தால் எடை குறைய வேண்டுமல்லவா? பெரும்பாலும் கூடவே செய்கிறது! மூடியை எடுத்த அட்டைப் பெட்டி முறுக்கினால் நெளிவது போலக் கூரையற்ற உடலும் நெளியும்; அதைத் தடுக்க அடிப்பாகத்தில் இரும்பைக் கூட்டுகின்றனர். தனிச் சட்டகத்தின்மேல் உடலை அமர்த்திய வண்டிகளுக்கு இத்தொல்லை குறைவு. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு அவ்வகையினது. ஆகவே அதில் திறந்த கூரை வடிவமும் எளிதில் அமைந்தது. அந்த ஹெரால்டுதான் 1960-களில் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு என்னும் பெயருடன் தயாராயிற்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மற்றொரு விந்தை மழையினுடையது. வண்டி விரைந்து செல்கையில், முன் கண்ணாடியில் மோதி மேலெழும் காற்று தூறலைத் தலைக்கு மேலாகவே கொண்டுசென்று விடுகிறது. சிவப்பு விளக்கில் நின்றோமோ, நனைந்தோம்!

பராமரிப்பும் எளிதன்று. ஈரக் கூரையை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பின்புறப் பிளாஸ்டிக் சன்னல் வெயிலில் பழுத்து மஞ்சளாகும். ஒரு பிளேடு போதும், கூரையைக் கிழித்துவிடலாம். ஆதலால் உள்ளே ஒரு பையைக்கூட விட்டுச் செல்வதில்லை.

இவற்றையெல்லாம் கணக்கிட்டு, சென்ற ஆண்டு வண்டியை விற்றுவிட்டுக் குளிர்சாதனம் பொருத்திய கார் ஒன்றை வாங்கலாம் என்று வீட்டில் ஆலோசித்தோம். அம்மாவின் கருத்தையும் கேட்டோம்.

அப்பா காலமான பின் கும்பகோணத்திலிருந்து எங்களுடன் வந்தவர் அம்மா. மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. மூன்றாம் மாடி வீடே அவருக்கு ஊர். குளிர்காலக் காலைகளில் கூரையை மடித்துக் கடக்வாஸ்லா ஏரிக்கு அழைத்துச் செல்வோம். கனலில் வாட்டும் சோளக்கதிரின் மணமும், அதன்பின் தண்ணீரின் மணமும் வரும். ஏரி கண்ணில் படுமுன்பே, “ஆறு வந்துவிட்டது” என்பார். வழியில் ஒரு சிவப்பு விளக்கில் பூ விற்கும் பெண் “ஆஜி!” என்று அழைத்து ஓடி வருவாள். அவள் மராத்தியில் விலை சொல்வாள். அம்மா தமிழில் பேரம் பேசுவார். இருவருக்கும் எல்லாம் விளங்கிவிடும்.

அம்மா நெடுநேரம் யோசித்தார். பிறகு, “கண்ணாடியை ஏற்றிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நான் இருப்பது தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

விற்கும் பேச்சு அத்துடன் நின்றது. ஜூன் மழைக்கு முன் புதுக் கேன்வாஸ் தைத்தாக வேண்டும். அதற்கான பணத்தை இப்போதே எடுத்து வைத்திருக்கிறோம்.