கடல்மீனைத் தின்னாத குளத்துமீன்

நல்லவாட்டில் மீன் என்றால் கடல்மீன்தான். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் கைகொடுப்பவை கட்லா, ரோகு போன்ற குளத்துமீன்கள்.

மீன் வளர்ப்பில் பாதிக்கு மேல் செலவு தீவனத்துக்கே போய்விடும். இறால், கொடுவா தீவனங்களில் மீன்தூள் சேர்க்கிறார்கள். அது எதிலிருந்து வருகிறது? மத்தி போன்ற சிறுமீன்களிலிருந்து! ஏழை வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய மீன், இன்னொரு மீனின் வயிற்றுக்குப் போகிறது.

கெண்டை இனங்களுக்கு அந்த அவசியமில்லை. சாணம் இட்ட குளத்தில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் பெருகும். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும். கூடவே தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து கொடுத்தால் போதும். தவிட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம். பக்கத்துப் பாகூர் நெல் விளையும் பூமி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மிஞ்சிய தீவனம் அழுகினால் நீரில் ஆக்சிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். அதனால்தான் தீவனத்தை ஓட்டையிட்ட பையில் போட்டுக் கழியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எவ்வளவு மிஞ்சியது என்று பை சொல்லிவிடும்.

குளத்துமீன் தவிட்டில் வளர்ந்தால், மத்தி மனிதருக்கே மிஞ்சும்.