பருப்பு வடிவத்தில் ஒரு திரள்

பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் மூன்று ஷிப்டும் பார்த்தவன் நான். வேலையை விட்ட முதல் மாதம் விடிகாலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்து போக இடம்தான் இல்லை. இனி நம்மால் ஆவதற்கு ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பேத்தி, "தாத்தா, இதைப் பாருங்க" என்று ஒரு படத்தைக் காட்டினாள். என்ஜிசி 936, வில்லியம் ஹெர்ஷல் 1785இல் கண்ட விண்மீன் திரள். மஞ்சள் ஒளித்தட்டு, நடுவில் புடைப்பு, அதன் குறுக்கே நேராக ஒரு பட்டை. ஸ்டார் வார்ஸ் விமானம் மாதிரி இருக்கிறதாம். இந்த வகையைப் பக்கவாட்டில் பார்த்தால் வில்லை மாதிரி தெரியும் என்றாள். என் மனைவி தட்டில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மைசூர்ப் பருப்பில் முழுசாக ஒன்றை எடுத்து, "இப்படியா?" என்றேன். 'லென்ஸ்' என்பதே லத்தீனில் அந்தப் பருப்பின் பெயர்தானாம்!

இதில் சுருள் கைகள் கிடையாது. புது விண்மீன் பிறக்க வேண்டிய வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நீலமாக, ஆர்ப்பாட்டமாக எரியும் பெரிய விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளில் முடிந்துபோகும். மிஞ்சுபவை சிக்கனமாக எரியும் சின்ன விண்மீன்கள். ஆயிரம் கோடி ஆண்டுகூடத் தாங்கும். அந்த மஞ்சள் அவற்றின் நிறம். எட்வின் ஹப்பிள் 1936இல் நீள்வட்டத் திரள்களுக்கும் சுருள் திரள்களுக்கும் நடுவே இந்த வகைக்கு இடம் ஒதுக்கினார். நடுவில் இருப்பது எங்களுக்குப் புதிதா என்ன? எங்கள் ஊர் புக்கிட் தெங்கா; அந்தப் பெயருக்கே மலாயில் நடுக்குன்று என்றுதான் பொருள்.

என் மனம் அந்தப் பட்டையில்தான் நின்றது. அது கம்பி இல்லை; நீண்ட பாதைகளில் போய்ப்போய் வரும் பழைய விண்மீன்களின் நெரிசல். புதிதாக ஒன்றும் பிறக்காமலேயே மொத்தமும் சுழன்றுகொண்டிருக்கிறது. சுதான்ஷு பர்வே முதலிய இந்திய வானியலாளர்கள் 371 வில்லைத் திரள்களை அலசி 2011இல் எழுதினார்கள்: பட்டை கூடுதலாக இருப்பது மங்கலான திரள்களில்தான். பக்கவாட்டில் பார்த்தாலோ பட்டை பட்டையாகத் தெரியாது. நடுப்பகுதி கச்சான் தோடு போல இடுங்கித் தெரியும், அவ்வளவுதான். வேலையை விட்டவனை ஊர் பக்கவாட்டில்தான் பார்க்கிறது. ஊரை ஏன் சொல்ல வேண்டும், நானே அப்படித்தான் பார்த்தேன்.

டிசம்பரில் இரவு பத்து மணிக்கு மேல் அது எங்கள் உச்சந்தலைக்கு வரும். போன டிசம்பரில் வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பிறை விளக்குகளில் வானம் செம்மண் நிறமாகக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. "அங்கதான் தாத்தா" என்று விரல் நீட்டினாள். கொசு பிடுங்கியது. எழுந்து போகத் தோன்றவில்லை.