துருவுக்கு மூன்று விலை

கிள்ளானில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் துருவைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கதை வரும். கடல் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு, 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகத்திலிருந்து வரும் உப்புக் காற்று, பண்டமாரான் தாண்டி ஊருக்குள் வந்துவிடுகிறது. அதோடு தினம் ஒரு மழை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடா பக்கம் கூரை வரை மூழ்கிய கார்களை நாம் எல்லோரும் பார்த்தோம். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, மறுநாள் வழக்கம்போல் ஸ்டார்ட் ஆன கார்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சேற்றுத் தண்ணீர் கதவுக்கு அடியில் ஓடும் இரும்புப் படிக்குள் புகுந்து, வெளியே வர வழியில்லாமல் தங்கியிருக்கும்.

எங்கள் வீட்டுக் கார் 1997-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. மாமா ஓட்டியது, இப்போது அம்மா ஓட்டுகிறார். காலையில் பாசார், வெள்ளிக்கிழமை கோயில், அவ்வளவுதான் ஓட்டம். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்சக்கரத்துக்கு மேலே வளைவில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதை அழகுக் குறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் டயர் பஞ்சர். இடது பக்கம், ஜாக் வைக்க வேண்டிய சரியான இடத்தில்தான் வைத்தேன். கார் மேலே எழும்பவில்லை. ஜாக்தான் படிக்குள் ஏறியது, காய்ந்த பிஸ்கட்டை அழுத்தினாற்போல ஒரு சத்தத்தோடு.

அந்தப் படி அலங்காரத்துக்கு இருப்பதல்ல. வீரா மாதிரி கார்களில் லாரிக்கு இருப்பதுபோல் தனியாக ஒரு சேசிஸ் கிடையாது. தரைத் தகடு, கூரை, பக்கவாட்டுப் படி எல்லாம் சேர்ந்துதான் காரின் எலும்பு. பக்கத்திலிருந்து யாராவது மோதினால் உள்ளே இருப்பவருக்கும் மோதுகிற காருக்கும் நடுவில் நிற்பவற்றில் அந்தப் படியும் ஒன்று. உள்ளே இருப்பவர் அம்மா. ஆகவே விலை கேட்கக் கிளம்பினேன். இரண்டு சனிக்கிழமை, மூன்று பட்டறை.

முதலில் ஆற்றுக்கு வடக்கே, காப்பார் சாலை. கொள்கலன் லாரிகள் ஓயாமல் ஓடும் அந்தச் சாலையின் ஓரத்தில் ‘கெத்தோக், சாட்’ என்று எழுதிய பலகைகளுக்குப் பஞ்சமில்லை. நெளிவைத் தட்டி எடுப்பார்கள், சாயம் அடிப்பார்கள். நான் போன பட்டறையை நம் பையன் ஒருவர் நடத்துகிறார், இருபத்தைந்து வயது இருக்கும். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனியவில்லை.

“முந்நூத்தி எம்பது வெள்ளிண்ணே. நாளைக்குச் சாயங்காலம் எடுத்துக்கலாம்.”

என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். துருவைத் தேய்த்து, ஓட்டையில் கம்பி வலை வைத்து, மேலே சிமேன் பூசி, சாயம் அடிப்பாராம். சிமேன் என்றால் வீடு கட்டும் சிமெண்டு அல்ல. பள்ளத்தை நிரப்பும் பூச்சுக்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர். எத்தனை நாள் தாங்கும் என்றேன். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

“விக்கப் போறீங்களா, வெச்சு ஓட்டப் போறீங்களாண்ணே?”

ஓட்டத்தான் என்றேன். “அப்படின்னா இது வேணாம். ஆறு மாசத்துல திரும்பக் கொப்புளிச்சிரும். எங்கிட்ட வெல்டிங் இல்ல.”

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. காரில் ஏறிய பிறகுதான் அதன் மறுபக்கம் உறைத்தது. விற்பதென்றால் இது போதும் என்கிறார். வாங்கிப் போகிறவர் ஜாக் வைக்கும்போது என்ன ஆகும்? அவர் அம்மாவும் அந்தக் காரில்தான் உட்காருவார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் போங்கள். தகடு இருக்கும் இடத்தில் ‘சக்’ என்று ஒட்டும். தடிமனாகச் சிமேன் பூசிய இடத்தில் ஒட்டாமல் விழுந்துவிடும். சாயத்தில் கீறல் படாமலிருக்க ஒரு துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேரு பக்கம். பெரிய பட்டறை, கண்ணாடிக் கதவு, ஏர்கோன், காப்பி. கணினியில் அச்சடித்த விலைப்பட்டியல் கையில் வந்தது. மொத்தம் 2,800 வெள்ளி. எங்கள் கார் இன்று விலை போனால் மூவாயிரம் போகும். பட்டியலில் பதினொரு வரிகள்: தேய்ப்பது, பிரைமர், காருக்கு முழுச் சாயம், மேல்பூச்சு, பாலிஷ், ஒரு வருட உத்தரவாதம். நான் இரண்டு முறை படித்தேன். வெட்டுவது, தகடு வைப்பது, வெல்டிங் இவற்றில் ஒரு சொல்கூட இல்லை. இடது படியைக் காட்டிக் கேட்டதற்கு, “அதெல்லாம் ஃபினிஷிங்ல சேர்ந்துரும் சார்” என்றார்கள். உத்தரவாதம் எதற்கு? சாயம் மங்காமல் இருப்பதற்கு. துருவுக்கு இல்லை.

380 வெள்ளிக்கும் 2,800 வெள்ளிக்கும் இடையில் ஏழு மடங்கு வித்தியாசம் இருந்தும், இரண்டிலும் புது இரும்பு ஒரு துண்டுகூட இல்லை. மலிவானது ஏமாற்று, விலை கூடியது தரம் என்று பொதுவாக நினைப்போம். துருவில் அந்தக் கணக்கு செல்லாது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது; சாயத்தைத் தூக்கிவிடுவது அதுதான். வெளியே தெரியும் கொப்புளம் ஐம்பது காசு அளவென்றால், உள்ளே கெட்டுப்போன இடம் உள்ளங்கை அளவு இருக்கலாம். துரு தகட்டின் பின்பக்கத்திலிருந்து வந்திருந்தால், முன்பக்கம் எவ்வளவு நல்ல சாயம் அடித்தாலும் பின்பக்கம் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பட்டறைக்காரர் விலையைச் சொல்லுமுன், வெட்டுவாரா மூடுவாரா என்று கேட்டுவிட வேண்டும். மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மறு சனிக்கிழமை ஆற்றுக்குத் தெற்கே, பண்டமாரான். பக்கூத்தே கடைகளுக்குப் பெயர் போன இடம். காலை பத்து மணிக்கே மூலிகை வாசனை தெருவில் நிற்கிறது. பட்டறை என்று சொல்ல ஒரு தகரக் கூரை, இரண்டு கார் நிற்கும் இடம். தவுக்கேக்கு அறுபதுக்கு மேல் வயதிருக்கும். நாங்கள் பேசியது மலாயில்.

அவர் விலை சொல்லவில்லை. முதலில் கதவைத் திறந்து, தரை விரிப்பைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் தடவினார். ஈரம். “ஏர்கோன் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் நான் வெல்டிங் செய்தால் உனக்குப் பணம் நஷ்டம்” என்றார். பிறகு திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கைப்பிடியால் படி நெடுகத் தட்டிக்கொண்டே போனார். வானொலியில் வேலை பார்ப்பதால் காது கொஞ்சம் பழகியிருக்கிறது. நல்ல இரும்பில் ‘டிங்’. முன்சக்கரத்தை நெருங்க நெருங்க ‘தொப், தொப்’. வலது பக்கமும் தட்டினார். முழுக்க ‘டிங்’. “இது நன்றாக இருக்கிறது. தொடாதே.”

செய்ய வேண்டாம் என்று ஒருவர் சொன்ன அந்த நிமிடமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஆனாலும் கேள்விகளை விடவில்லை. கெட்ட தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டுவீர்களா? வெட்டுவேன். பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைப்பீர்களா? மாட்டேன், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுவீர்களா? சிரித்தார். மூடிய பிறகு படிக்குள் என்ன அடிப்பீர்கள்? ஒரு நீளக் குழாயைக் காட்டினார். உள்ளே மெழுகு பீய்ச்சுவதற்கு. எத்தனை வருட உத்தரவாதம் என்றதற்கு மட்டும் தலையை ஆட்டினார். “துருவுக்கு உத்தரவாதம் கொடுப்பவன் கடையை மூடப்போகிறவன்.”

அவருடைய விலை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் வந்தது. இடது படி வெட்டி வெல்டிங் 450. பின் வளைவுகள் இரண்டுக்கும் 500. தொட்ட இடங்களுக்கு மட்டும் சாயம் 350. ஆக 1,300. அதற்குக் கீழே ஒரு கோடு: உள் தகடும் போயிருந்தால் கூடும், எவ்வளவு என்று திறந்த பிறகுதான் சொல்ல முடியும். இந்த வரியைக் கண்டு பலர் ஓடிவிடுகிறார்கள். எனக்கு மூன்று பட்டியல்களிலும் நம்பத் தகுந்த வரி அதுதான். மூடிய பெட்டிக்குள் இருப்பதைத் திறக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் திறந்த விலைக்கு ஒரு கூரை வேண்டும். 1,500-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும், மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். இரண்டையும் அதே அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் படம் வந்தது. வெளித் தகடு முக்கால்வாசி இல்லை. உள் தகட்டில் ஒரு சாண் அளவு போயிருந்தது, மீதி கெட்டி. முன்பு எப்போதோ யாரோ பூசிய சிமேன் ஒரு கட்டியாகக் கழன்று கிடந்தது, கம்பி வலையோடு. மாமாவிடம் கேட்டேன். அவர் வாங்கும்போதே சாயம் புதிதாகப் பளபளவென்று இருந்ததாம்.

கடைசிக் கணக்கு 1,450 வெள்ளி. பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை அம்மாவுக்குப் பாசார் போகக் கிராப்தான். பின் வளைவில் புதுச் சாயத்தின் நிறம் பழையதோடு முழுதாகச் சேரவில்லை, வெயிலில் பார்த்தால் தெரியும். ஜாக் வைத்துப் பார்த்தேன், கார் எழும்பியது. சாவியைக் கொடுக்கும்போது தவுக்கே ஒரு சாத்தே குச்சியையும் கொடுத்தார். கதவுகளுக்கு அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துவாரங்கள் இருக்கின்றன, மண் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு முறை இதனால் குத்திவிடு என்றார். அம்மா அதை வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார்.