உண்ணிச்செடிக்கு அடியில் ஒரு காடு

ஏப்ரல், ஞாயிறு

சேலத்தில் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. ஏற்காடு பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தபோது காற்றில் ஈரம் இருந்தது. நேற்றுக் கோடை மழை பெய்து மண் இளகியிருந்ததால் இன்றைக்கு எங்கள் குழுவுக்கு உண்ணிச்செடி பிடுங்கும் வேலை. தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி, காபித் தோட்டத்தை ஒட்டிய சரிவில் இறங்கினோம்.

மேலோடு வெட்டினால் உண்ணி இன்னும் அடர்ந்து தழைக்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள்ளேயே ஆணிவேரை அறுக்க வேண்டும். பிடுங்கியதைத் தலைகீழாகப் போட்டுவைத்தால்தான் மறுபடி வேர் பிடிக்காது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பூவின் அழகுக்காக வந்த செடி இது. பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவிகள் விதையை மலையெங்கும் கொண்டுபோய்விட்டன.

மதியத்துக்குள் ஒரு திட்டுத் தெளிந்தது. புதருக்கு அடியில் வெளிறிப்போன நாவல் கன்றுகள், நடுவே ஒரு கடுக்காய்க் கன்று. யாரும் நட்டவையல்ல. கூட வேலை செய்த மலையூர்ப் பெரியம்மா, "அதை மிதிச்சிராத கண்ணு, தாய்மரம் மேலதான் நிக்குது" என்று சரிவின் உச்சியைக் காட்டினார்.

மே, சனி

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குப் போனோம். 1963-இல் தொடங்கியது. மேகாலயத்தின் குடுவைத் தாவரத்தைப் பார்க்கத்தான் கூட்டம் நிற்கிறது. என் மனம் வேறொன்றில் இருந்தது: வெர்னோனியா சேர்வராயென்சிஸ். சென்னை மாகாணத்தின் தாவர நூலை எழுதிய கேம்பிள் பெயரிட்ட மரம். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்கே உரியதென்று தாவரவியலாளர்கள் குறிப்பது. அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களில் பலருக்கு இப்படி ஒரு மரம் இருப்பதே தெரியாது. பெயர் தெரியாத மரத்துக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

ஜூலை, ஞாயிறு

காற்றில் பலாக் கிளையொன்று முறிந்து கிடந்தது. அதன் பட்டையில் ஒட்டியிருந்த ஆர்க்கிட்கள் தரையில் கிடந்தால் அழுகிவிடும். பட்டையோடு பெயர்த்து, அதே தோட்டத்தில் நிற்கும் இன்னொரு பலாவின் கவட்டையில் தேங்காய் நாரால் கட்டினோம். வீட்டுக்கு ஒன்றும் எடுத்துப் போகக் கூடாது என்பது எங்கள் குழுவின் கண்டிப்பான விதி. ஆர்க்கிட்டின் ஒரு காயில் தூள்போல ஆயிரக்கணக்கில் விதைகள் இருக்கும். ஆனால் விதைக்குள் உணவு இருப்பில்லை. தகுந்த பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். மரம், பட்டை, ஈரம், பூஞ்சை எல்லாம் ஒரே இடத்தில் கூடிவர வேண்டும். பழைய நிழல்மரம் ஒன்றை வெட்டிவிட்டு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக்கை நட்டால் மரக்கணக்கு சரியாகிவிடும். இந்தக் கூட்டுறவு திரும்பாது.

ஆகஸ்ட், சனி

நாமக்கல் பக்கம், கொல்லிமலை. 70 வளைவுகள். இங்கே மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து மலைவாழ் மக்களோடு சேர்ந்து சாமை, தினை, கேழ்வரகின் நாட்டு ரகங்களைக் காத்துவருகிறது. விதையைக் குளிர்பெட்டியில் பூட்டுவதோடு நிற்காமல், ஊர் விதை வங்கியில் வைத்து, வயலில் விதைத்து, உலையில் ஏற்றுவதுதான் அதன் வழி. காட்டு மரத்துக்கும் இதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மண்ணின் மனிதருக்கு அது வேண்டியதாக இருக்கும்வரைதான் அதற்குக் காவல் உண்டு.

அக்டோபர், ஞாயிறு

ஏப்ரலில் வேலை செய்த சரிவில் நாவல் கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன. ஊடே உண்ணியும் புதிதாக முளைத்திருக்கிறது. மறுபடி குனிந்தோம்.

இந்தச் சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தையும் நாமக்கல் வயல்களையும் தொட்டுக் காவிரியில் சேர்கிறது. மலையின் காடு பிழைப்பது சமவெளியில் இருக்கும் நம் கடமையும்தான். ஆண்டுதோறும் நாற்றங்காலிலிருந்து கன்று சுமந்து வந்து நட்டுப் படமெடுத்துப் போகும் நல்ல மனதுக்காரர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை கன்றை விட்டுவிட்டுக் கடப்பாரையோடு வாருங்கள். வேலை தொடங்குமுன் மலையூர்க்காரர் ஒருவரிடம் பத்து மரங்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்ணியைப் பிடுங்கிய அதே இடத்துக்கு மறு வருடமும், அதற்கடுத்த வருடமும் வாருங்கள். நடுகிற வேலையை மலை தானே பார்த்துக்கொள்ளும்.