சீஸான வேனை வாங்கலாமா? மதுரை ரிங் ரோடு யார்டில் ஒரு ரவுண்டு!

'கேரவன்' என்றால் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். பக்கத்து மாநிலமான கேரளா, 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டத்தையே அறிவித்து, வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து ஊர் சுற்றலாம் என்று அழைத்தது.

மதுரைக்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் சகிதம் கூண்டு வண்டி கட்டி வந்து, வைகைக் கரையில் தங்கி, ஆற்றில் இறங்கும் அழகரைப் பார்த்துவிட்டுப் போன சனங்கள் இவர்கள். அன்றைக்கு மாட்டு வண்டி செய்த வேலையை இன்றைக்கு வேன் செய்கிறது. அழகர்கோவிலில் கிடாவெட்டு, பாண்டி கோயிலில் பொங்கல், ராமேஸ்வரம், குற்றாலம், கொடைக்கானல், கார்த்திகை பிறந்தால் சபரிமலை... எங்கே கிளம்பினாலும் மேலே கேரியரில் அண்டா, குண்டா, ஜமக்காளம். உள்ளே மூன்று தலைமுறை. நம்ம ஊர் கேரவன் இதுதான்!

அந்த வேன்களில் சில, தவணை கட்ட முடியாமல் பாதி வழியில் நின்றுபோகின்றன. அவை போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கத்தான் ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு யார்டுக்குப் போனேன்.

கருவேல மரமும் காய்ந்த மாலையும்

கம்பி வேலி, ஓரத்தில் சீமைக்கருவேலம், ஒரு தகரக் கொட்டகை. ஷேர் ஆட்டோ, டிராக்டர், டிப்பர், வேன் என்று வகைவாரியாக நிறுத்தியிருக்கிறார்கள். முன் கண்ணாடியில் வெள்ளை பெயின்ட்டில் எண். சில வண்டிகளில் ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலை அப்படியே காய்ந்து தொங்குகிறது. பின் கண்ணாடிகளில் பிள்ளைகளின் பெயர்கள், 'அம்மா அப்பா ஆசி', டேஷ்போர்டில் மீனாட்சி.

அங்கே மேலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர் 15 வருடமாக ஆக்டிங் டிரைவர். இப்போது சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். அவர் கண் வைத்திருந்தது 2018 மாடல் டிராவலர் ஒன்று. கேட்ட விலை 8 லட்சம். 2 லட்சம் கையிலிருந்து போட்டால், மீதி 6 லட்சத்துக்கு ஃபைனான்ஸ் கிடைக்கும் என்றார்கள். அந்த 2 லட்சம் என்பது மனைவியின் நகை.

அந்த அக்கா வண்டியைச் சுற்றி வரவில்லை. வாட்ச்மேனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "இதை முன்னாடி வச்சிருந்தவரு என்ன ஆனாரு?"

"ரெண்டு தடவ வந்து வண்டியப் பாத்துட்டுப் போனாரும்மா. உள்ள இருந்த சாமி படத்த மட்டும் எடுத்துக்கிட்டாரு."

அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வண்டிக் கடனின் பூர்வீகம்

தவணைக்கு வண்டி எடுப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1910-களின் தொடக்கத்தில் பஸ் ஓட்டத் தொடங்கியது இந்த மதுரையில்தான். அவர் மகன் டி.எஸ்.சந்தானம் 1954-ல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். 1979-ல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் தொடத் தயங்கிய பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. டிரைவர்கள் பலர் ஓனர் ஆனது இப்படிப்பட்ட கடன்களால்தான்.

ஆனால் வேன் தொழில் சீசனை நம்பியது. கார்த்திகை முதல் தை வரை சபரிமலை, பழநி. ஏப்ரல், மே கொடைக்கானல். ஆடியில் குலதெய்வம். ஜூனில் பள்ளி திறந்தாலோ, ஐப்பசி மழை பிடித்தாலோ வண்டி ஸ்டாண்டில் தூங்கும். தவணைத் தேதிக்கு மட்டும் சீசன் கிடையாது. 2020 கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தள்ளிப்போனது தவணைதான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சுற்றுலா வண்டிக்காரர்களுக்கு அந்த அடி பலமாக விழுந்தது.

9 சதவிகிதமா... 16 சதவிகிதமா?

"9 பர்சென்ட்தான்" என்றார் அங்கிருந்த ஏஜென்ட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது ஃப்ளாட் வட்டி. அதாவது 6 லட்சத்துக்கு வருடம் 54,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 2,16,000. அசலோடு சேர்த்து 8,16,000. 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 17,000.

இதில் என்ன விஷயம் என்றால், நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஃப்ளாட் கணக்கிலோ கடைசி மாதம் வரை 6 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், இதே 17,000 ரூபாய் தவணை கிட்டத்தட்ட 16 சதவிகித வட்டிக்குச் சமம். அடகு நகைக்கான வட்டி தனி.

இதைக் கண்டுபிடிக்க கால்குலேட்டர் தட்ட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* யார்டு வண்டி 'உள்ளது உள்ளபடி' விற்கப்படும். பிறகு இன்ஜின் இழுக்கவில்லை என்று திரும்பி வர முடியாது. பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். தெரிந்த மெக்கானிக்கோடு போங்கள்.

* ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? பழைய ஓனர் ஆர்.சி-யைக் கொடுக்க மறுத்தாலோ, தலைமறைவானாலோ, மோட்டார் வாகனச் சட்டம் 51-வது பிரிவின்படி நிதி நிறுவனம் ஃபார்ம் 36-ல் விண்ணப்பித்துத் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்கலாம். அது முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடியாவிட்டால், பணம் கட்டிய பிறகும் வண்டி உங்கள் பெயருக்கு மாறாமல் இழுக்கும்.

* வண்டி எண்ணை 'எம்பரிவாஹன்' ஆப்பில் போட்டு எஃப்.சி., இன்ஷூரன்ஸ், கடன் விவரம் பாருங்கள். ரோடு டாக்ஸ் பாக்கி, இ-சலான் அபராதம், பெர்மிட் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 8 வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும்.

* சீட்டைக் கழற்றிவிட்டு பெட், கிச்சன் வைத்து கேரவன் ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? ஆர்.சி-யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. கேஸ் சிலிண்டர் இன்னும் ஆபத்து. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி எடுத்துவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறக்க முடியாது.

கடன் வாங்கியவருக்கும் உரிமை உண்டு

தவணை தவறினால் அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2007-லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்திருக்கிறது. கடன் ஒப்பந்தத்தில் அதற்கான ஷரத்து இருக்க வேண்டும், நோட்டீஸ் தர வேண்டும், விற்கும் முன் பணம் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது என்று 2022-ல் சொல்லியிருக்கிறது. ஏலத்தில் பாக்கியைவிட அதிகம் கிடைத்தால், மிச்சத்தைப் பழைய ஓனர் கேட்டு வாங்கலாம். குறைந்தால், வண்டி போன பிறகும் கடன் மிச்சமிருக்கும்.

மேலூர் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் மாதவாரியாகக் கணக்குப் போட்டார். மார்கழிக்கும் மே மாதத்துக்கும் 17,000 சுலபமாக வந்தது. ஜூனுக்கும் ஐப்பசிக்கும் நேராக எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார். "அந்த ரெண்டு மாசத்துக்கான தவணையை முதல்லயே பேங்க்ல போட்டு வச்சாத்தான் வண்டி. இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் ஆக்டிங்கே ஓட்டுங்க" என்றார் அக்கா. அண்ணன் மறுக்கவில்லை.

ஃபார்ம் 36 முடிந்ததா என்று யார்டு ஆபீஸில் கேட்டார்கள். புதன்கிழமை வரச் சொன்னார்கள். நகைப் பையை அக்கா மடியிலேயே வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு ஷேர் ஆட்டோ ஏறினார்.