ஐந்து பாடங்கள் போதும்

ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும், "சார் கவர்மெண்ட்ல இருந்தவர்தானே, சட்டம் என்ன சொல்லுது?" என்று கேட்டு வருபவர்கள் குறையவில்லை. பட்டா, வாரிசுச் சான்று என்று இருந்த கேள்விகளோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? எந்தெந்தப் பாடம் கட்டாயம்?" மஞ்சக்குப்பத்தில் காலை நடைக்கு வரும் நண்பர்களில் இரண்டு பேர் பேரப்பிள்ளைகளுக்காக இதைக் கேட்டுவிட்டார்கள். சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கை மகள் வீட்டில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

அவள் மகனுக்குத் திக்குவாய். ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். வகுப்பே சிரிக்கும். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். காலையில் சீருடை போட்டதும் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

அவள் பி.எஸ்சி. படித்தவள். சுவரில் ஓர் அட்டவணை எழுதி ஒட்டினாள். ஒன்பது மணி முதல் நான்கு மணி வரை எட்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், அதற்கு மேல் இந்தி, கம்ப்யூட்டர், பொது அறிவு. உள்ளறையில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமியார். மூன்றாம் வகுப்பு படிக்கும் சின்னப் பெண். மாப்பிள்ளை மேல வீதியில் கடை வைத்திருப்பவர். இரவு பத்து மணிக்கு அவர் வரும்போது அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருப்பார்கள். மூன்று மாதத்தில் அவள் பாதியாக இளைத்துப்போனாள். "ஏம்மா இவ்வளவு?" என்று கேட்டேன். "ஒரு பாடத்தை விட்டாலும் நாளைக்குச் சட்டப்படி செல்லாதுன்னு சொல்றாங்க மாமா" என்றாள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த இலவச கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக் கல்வியை அது வெளிப்படையாக ஏற்றது ஓர் இடத்தில்தான்: கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று 2012-ல் திருத்தம் வந்தது. மற்றவர்களுக்கு, அனுமதி என்றும் எழுதவில்லை, குற்றம் என்றும் எழுதவில்லை.

அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கணக்கு இருக்கிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு வருடம் 220 வேலை நாள், 1000 மணி நேரம் பாடம். வகுத்துப் பார்த்தால் நாளைக்கு நாலரை மணி. அதுவும் பள்ளிக்கு விதித்தது, ஓர் ஆசிரியருக்கு 35 பிள்ளைகள் என்ற கணக்கில். அதில் வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம், மற்ற பிள்ளைகள் எழுதி முடிக்கக் காத்திருப்பது எல்லாம் அடக்கம். ஒற்றைப் பிள்ளைக்கு எதிரே அம்மா உட்கார்ந்து ஐந்தேகால் மணிக்கு மேல் நடத்தினால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? பென்சிலால் எழுதிக் காட்டியபோதுதான் மாப்பிள்ளைக்கே விளங்கியது.

ஆக, எந்தப் பாடம் கட்டாயம் என்ற கேள்வி வீட்டுக்குள் எழுவதில்லை. சான்றிதழ் வாங்கப் போகும் வாசலில்தான் எழுகிறது. அந்த வாசல் இரண்டு. ஒன்று நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம். பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்ற ஐந்தும் கட்டாயம், ஒவ்வொன்றிலும் 35 வேண்டும். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு.

இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-ல் மத்திய அரசு தொடங்கியது. 14 வயது ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். இங்கும் ஐந்து பாடம்தான். ஆனால் ஒரு மொழி கட்டாயம், இரண்டு மொழி வரை எடுக்கலாம், மீதியை அவர்கள் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம். தமிழும் உண்டு, ஓவியமும் உண்டு. ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான். தேர்ச்சிக்கு 33 மதிப்பெண்.

இந்த இடத்தில் பழைய குமாஸ்தாவாக இரண்டு வார்த்தை. சுலபம் என்று கணக்கையும் அறிவியலையும் ஒரேயடியாக விட்டால், பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்கும்போது இடிக்கும். தமிழை விடவே கூடாது. 2021-க்குப் பிறகு நம் மாநில அரசு வேலைக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் வாங்கினால்தான் மற்றதைத் திருத்துவார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் சான்று வேண்டும். வீட்டில் படித்த வருடங்களுக்கு அதை யாரிடம் வாங்குவது? இதையும் தெரிந்துகொண்டே முடிவு செய்யவேண்டும்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த நாட்டுச் சட்டத்தையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1882-ல் ஜூல் ஃபெர்ரி அமைச்சராக இருந்தபோது கல்வியைக் கட்டாயமாக்கினார்கள். பள்ளியில் என்று கட்டாயப்படுத்தவில்லை. தகப்பனாரோ அவர் அமர்த்தும் ஆளோ வீட்டிலேயே சொல்லித்தரலாம் என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். ஆனால் அப்படிப் படிக்கும் பிள்ளைக்கு, இரண்டாம் வருடக் கடைசியிலிருந்து ஆண்டுதோறும் தேர்வு. 2022 முதல் அங்கே பிடி இறுகிவிட்டது, முன் அனுமதி வாங்கவேண்டும். இருந்தாலும் அதிகாரிகள் வந்து பார்ப்பது, 16 வயதுக்குள் எட்டவேண்டிய அடிப்படையை நோக்கிப் பிள்ளை முன்னேறுகிறதா என்பதைத்தான். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் என்ன நடந்தது என்று அவர்களும் கேட்பதில்லை.

சிதம்பரத்தில் அட்டவணை சுவரிலிருந்து இறங்கியது. காலையில் மாமியாருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, சின்னவளைப் பள்ளியில் விட்டுவந்த பிறகு இரண்டு மணி நேரம். அதில் கணக்கு தினமும் முக்கால் மணி. மிச்சம் ஒரு நாள் தமிழ், ஒரு நாள் ஆங்கிலம். இந்தியும் பொது அறிவும் போயின. மாலையில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பான். பாட்டிக்கும் பேச்சு குழறும். அவன் திக்கினால் அவள் காத்திருப்பாள், அவள் குழறினால் அவன் காத்திருப்பான். இதைவிட நல்ல தமிழ் வகுப்பை நான் பார்த்ததில்லை.

அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் மாதம் இரண்டு நாள் என்னிடம் கடலூருக்கு வருவான், அல்லது நான் பஸ் ஏறுவேன். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைக் காட்டினேன். 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கியது, 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தது. பிச்சாவரத்தில் சேற்றுக்கு மேல் ஈட்டி ஈட்டியாக நிற்கும் மூச்சு வேர்களைப் படம் வரைந்தான். தில்லை என்ற ஊர்ப்பெயருக்குக் காரணமான தில்லை மரமும் அங்கே இருக்கிறது. வரலாறு, தாவரவியல், ஓவியம் மூன்றும் ஒரே நாளில் முடிந்தது.

இதற்கிடையே ஒரு கோப்பும் போட்டுக் கொடுத்தேன். பிறப்புச் சான்று, ஆதார், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கடைசி மதிப்பெண் பட்டியல், தேதி போட்ட நோட்டுகள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியையிடம் அதைக் காட்டியதும் அவர் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். "எப்ப வேணும்னாலும் சேர்க்கலாம்மா, வயசுக்கேத்த வகுப்புல எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் சட்டத்தில் உள்ளதுதான், 4-வது பிரிவு. திரும்பிப் போகக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததே அவளுக்குப் பாதி தெம்பு.

பையனுக்கு இப்போது 16. தமிழும் ஓவியமும் முதல் தடவையிலேயே தேறினான். அடுத்த தேர்வில் சமூக அறிவியல், அதற்கடுத்து ஆங்கிலம். கணக்கு இரண்டு தடவை போய்விட்டது, வாய்ப்பு இன்னும் இருக்கிறது. திக்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் மாலையில் அப்பா கடையில் வாடிக்கையாளரிடம் விலை சொல்கிறான். "எட்டு பாடம் படிக்காம என்ன படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். சட்டம் கேட்பது ஐந்து, அதுவும் ஒவ்வொன்றாக. வீட்டுக்குள் அதற்கு மேல் கேட்க நாம் யார் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.