ஜூனா, செப்டம்பரா?

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாகக் கப்பலில் செல்வதென முடிவான பின்னும், எந்த மாதம் என்பதில் நாங்கள் பல நாள்கள் தயங்கினோம். மே முதல் செப்டம்பர் வரை கப்பல்கள் செல்கின்றன. பலரும் விரும்புவது ஜூன். பகல் நீளம், மழை குறைவு. ஆனால் அப்போது ஜூனோ நகரில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும்; அதிகாலை 4 மணிக்கு முன்பே உதித்துவிடும். இடையில் அந்தி வெளிச்சம் முற்றிலும் அகலுவதில்லை. எனில் இஷா எப்போது, ஃபஜ்ர் எப்போது?

மார்க்கத்தில் இதற்கு வழி உண்டு. தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டாய் நீளும்போது நேரத்தைக் கணித்துத் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதனடிப்படையில், இரவு முறையாக வரும் அண்மை ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்கின்றனர் அறிஞர் பலர். பயணிக்கு மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகையும் ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. அங்கேயே வாழ்வோருக்கு இவை அருட்கொடை. உலாவச் செல்லும் நாங்களோ, வேறு மாதம் இருக்கையில், அச்சலுகையைத் தேடிச் செல்ல விரும்பவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தைத் தேர்ந்தோம். இரவு 8 மணிக்குள் மஃரிப். பின்னர் உண்மையான இருள். மழை மிகுதிதான், நெடிய பகலை இழப்பதில் வருத்தமும் உண்டு. எனினும், குளிர்காலத்தில் ஹவாய் செல்லும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அப்போதும் அங்கே இரை தேடிக்கொண்டிருக்கும். உணவுக்குச் சால்மனும் ஹாலிபட்டும் போதும். மேற்கு நோக்கித் தொழுது பழகிய எங்களுக்கு அங்கே கிப்லா ஏறக்குறைய நேர் வடக்கு. தீவுகளுக்கிடையே வளைந்து செல்லும் கப்பலில் அதை அறிய ஒரு திசைகாட்டி வாங்கியுள்ளோம். காந்த முள் அங்கே கிழக்கே விலகி நிற்கும் என்பதையும் குறித்துக்கொண்டோம்.